ஒண்ணுமில்லை

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு கட்டைப்பை இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்தது. ஐந்து வருடத்து எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஏழு டாக்டர்களின் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. தாள்களின் வலது ஓரத்தில் இத்தனையிலிருந்து இத்தனைக்குள் இருக்கலாம் என்று அச்சடித்திருப்பார்களே, கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் என் எண் அதற்குள்ளேயே இருக்கும். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர். 18. முடக்குவாதக் காரணி நெகட்டிவ். யூரிக் அமிலம் சரி. தைராய்டு சரி. வைட்டமின் டி மட்டும் 14. அதற்காக வாரம் ஒன்றாக 60,000 யூனிட் பொடியை எட்டு வாரம் பாலில் கலந்து குடித்தேன். அடுத்த பரிசோதனையில் அது 38க்கு ஏறியிருந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் தமிழாசிரியை. திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். இதை எழுதக் காரணம், போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று என்னிடம் சொன்னது: "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு டீச்சர். ஒண்ணுமில்லங்கிறாவ. ஆனா எனக்கு ராத்திரி தூங்க முடியல." அவர் சொன்ன அந்த "ஒண்ணுமில்ல" எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். அதோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

2018 ஏப்ரலில், பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது வலது கழுத்தடியில் ஒரு பிடிப்பு வந்தது. தலையணை மாறிப் படுத்தால் வருமே, அந்த மாதிரி. முகாம் முடிந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து டீச்சரும் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். மே மாதம் தோள்பட்டைக்கு இறங்கியது. ஜூனில் பள்ளி திறந்து, போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் வேறு யாருடைய கையோ போலக் கனத்தது. ஆடி முடிவதற்குள் இடுப்பு, இரண்டு முழங்கால், குதிகால். காலையில் பாயைச் சுருட்டக் குனிந்தால், இரவு முழுக்கக் கல் சுமந்தவள் மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் தூங்கியிருப்பேன், தூங்கியதே உடம்புக்குத் தெரியாது. ஒருநாள் வகுப்பில் தேமா, புளிமா என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அடுத்த வாய்பாடு நாவில் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கருவிளம் என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எடுத்துக்கொடுத்தாள். வலியைவிட அந்த நிமிடம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

முதலில் போனது எலும்பு டாக்டரிடம். அவர் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் இடுப்பு முதுகெலும்பில் எல்4–எல்5 நடுவே உள்ள வட்டில் லேசான பிதுக்கம் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அன்று எவ்வளவு நிம்மதி தெரியுமா? காரணம் கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ஒரு வருடம் அந்த ஒரு வரியை நம்பி பெல்ட் போட்டேன், டிராக்‌ஷன் வைத்துக்கொண்டேன், ஊசி போட்டுக்கொண்டேன். கழுத்தும் குதிகாலும் ஏன் வலிக்கிறது என்று கேட்டால் அந்த வரியில் பதில் இல்லை. முதுகில் வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு வட்டு பிதுங்கியிருந்ததாம். எண்பது வயதில் நூற்றுக்கு 84 பேருக்கு. தலை நரைப்பது மாதிரி ஒன்று. அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் நரம்பு டாக்டர். அப்புறம் பொது மருத்துவர். மாதவிலக்கு நிற்கப்போகிற வயசு என்றார் ஒருவர். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. ஒருவர் நான் பேசி முடிக்கும் முன்பே தாள்களைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல். டென்ஷன் ஆகாதீங்க" என்று மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒண்ணுமில்லைன்னுட்டாங்கல்ல, சந்தோஷப்படு." அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் அது ஆறுதல் சொல். பிள்ளை விழுந்து எழுந்தால் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று தட்டிக்கொடுத்துத்தானே வளர்க்கிறோம். ஆனால் வலிக்கிறவளுக்கு அது, நீ சொல்வது உண்மையில்லை என்றுதான் காதில் விழும். ஆறு மாதத்தில் நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். வேலைக்குப் பயந்து உடம்பு நடிக்கிறதோ என்று விடிகாலையில் படுத்தபடி யோசித்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக லேபில் உட்கார்ந்திருந்தேன். இதிலாவது ஏதாவது தப்பாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். உறை வந்தது. எல்லாம் நெகட்டிவ். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "கெட்டதா தாயி?" என்று கேட்டார். இல்லை, நல்லது என்று எப்படிச் சொல்வது? அவர் கையிலும் ஓர் உறை இருந்தது. அதில் என்ன இருந்ததோ. நல்ல ரிப்போர்ட்டுக்கு அழுத குற்றவுணர்ச்சி எனக்கு ரொம்ப நாள் போகவில்லை. காரணம் தெரியாத வலியில் இருப்பவர்களில் நிறையப் பேர் இந்த வேண்டுதலைச் செய்திருப்பார்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

இடையில் ஒருவர் கொடுத்த பொடியை இரண்டு மாதம் சாப்பிட்டேன். வலி அதிசயம் போலக் குறைந்தது. முகம் உப்பியது. பொது மருத்துவர் பார்த்தவுடன் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள் என்று சொல்லிப் படிப்படியாக நிறுத்த வைத்தார். பெயர் எழுதாத பொடி, பெயர் எழுதாத மாத்திரை எதையும் வாங்காதீர்கள். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மூன்று மாத்திரை உட்பட. என் வயிறு புண்ணானது அதனால்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அம்மா சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப் போனாள். புற்றுமண் பூசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். கோயில் வாசலில் உருவத் தகடு விற்பார்கள். கை வலித்தால் கை, கால் வலித்தால் கால், கண்ணுக்குக் கண்மலர். அம்மா கடைக்காரர் முன் நின்று தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கையை எடுத்தாள், வைத்தாள். காலை எடுத்தாள். "எங்கட்டி வலிக்கி?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு முழு ஆள் உருவத்தை வாங்கி உண்டியலில் போட்டாள். அத்தனை டாக்டர்களில் யாரும் அதுவரை உடம்பு முழுவதையும் சேர்த்து ஒன்றாகப் பார்த்திருக்கவில்லை. கை பார்ப்பவர் கை, இடுப்பு பார்ப்பவர் இடுப்பு. அம்மாதான் முதலில் முழு ஆளை எடுத்தாள்.

2023 பிப்ரவரியில் மதுரையில் மூட்டு வாத நோய்களுக்கான டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். பள்ளியில் கணக்கு சார் சொல்லி அனுப்பினார். கட்டைப்பையை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மனித உருவத்தின் கோட்டுப்படம் போட்ட ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, போன ஒரு வாரத்தில் வலித்த இடத்தையெல்லாம் தீட்டச் சொன்னார். தீட்டினேன். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து படம் ஏறக்குறையக் கறுத்துவிட்டது. பிறகு கட்டைவிரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு, கழுத்தடி, தோள் மேடு, முழங்கை, இடுப்போரம் என்று அழுத்திப் பார்த்தார். முழங்கையில் வைத்தபோது கத்திவிட்டேன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "எப்படி வலிக்கிது டீச்சர்? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு வேண்டாம். எப்படின்னு சொல்லுங்க."

ஐந்து வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தோளில் இருப்பது கடுப்பு. இடுப்பில் பிடிப்பு. முழங்கால் எலும்புக்குள் குடைச்சல், ஏதோ வண்டு துளைக்கிற மாதிரி. கால் சதையில் உளைச்சல். அது ராத்திரிதான் வரும், எப்படி வைத்தாலும் காலை வைக்க இடம் தெரியாது. கழுத்தில் சில நாள் விண்விண்ணென்று தெறிக்கும். உள்ளங்கையில் மதமதப்பு. திடீரென்று விலாவில் ஒரு சுரீர். அவர் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிக்கொண்டார். 1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்பவர், நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து ஒரு வினாத்தாளே போட்டார் என்றும் அவர்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொல்தான் என் தொழில். அது என் நோய்க்கும் பயன்படும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"இது ஃபைப்ரோமயால்ஜியா" என்றார். உடம்பு முழுக்கப் பரவும் நாட்பட்ட வலி நோய். எந்தப் பரிசோதனையிலும் இது தெரியாதாம். அமெரிக்க மூட்டு வாத மருத்துவர்களின் அமைப்பு 1990இல் வகுத்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11இல் வலித்தால் இந்த நோய் என்பார்கள். 2010இல் அதை மாற்றி, வலி எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது, தூக்கமும் ஞாபகமும் களைப்பும் எப்படி இருக்கின்றன என்று கேட்டே முடிவு செய்யலாம் என்றார்கள். அதாவது நோயாளி சொல்வதுதான் சாட்சி.

"எனக்கு ஏன் டாக்டர் வந்துச்சு?"

"தெரியல. சிலருக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் வருது, சிலருக்கு அடிபட்டதுக்கு அப்புறம். குடும்பத்துல ஓடுறதும் உண்டு. உங்களுக்கு ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா வலி இருக்கு. நீங்க சொல்றது அத்தனையும் இருக்கு."

ஒண்ணுமில்லை என்பதும் தெரியவில்லை என்பதும் எவ்வளவு வேறு என்று அந்த அறையில்தான் உணர்ந்தேன். முதலாவது என்னை வெளியே அனுப்பியது. இரண்டாவது என் பக்கத்தில் உட்கார்ந்தது. தெரியவில்லை என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொல்லக் கேட்டு என் வீட்டுக்காரர் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டும் வரை எதுவும் பேசவில்லை. அப்புறம், "நான் உன்னை நம்பியிருக்கணும்" என்றார்.

டாக்டர் சொன்ன விளக்கம் இது. பச்சை மிளகாய் நறுக்கிய கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் கொதிக்கிற தண்ணீரில் விட்டது மாதிரி எரியும். தண்ணீரின் சூடு அதேதான். சூட்டை உணரும் நரம்பு முனை மாறிவிட்டது. (மிளகாய்க் காரத்தை வைத்து அந்த முனையில் சூட்டை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.) என் விஷயத்தில் அந்த மாற்றம் தோலில் இல்லை, தண்டுவடத்திலும் மூளையிலும் நடந்திருக்கிறது என்று கருதுகிறார்கள். தசையோ மூட்டோ கெட்டுப்போகவில்லை. வலியைச் சேர்த்துச் சொல்லும் இடம் கூர்மையாகிவிட்டது. இந்த வகை வலிக்கென்று 2017இல்தான் உலக வலி ஆய்வாளர்கள் சங்கம் ஒரு தனிப்பெயரையே ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட வலி தன்னளவிலேயே ஒரு நோய் என்று இடம்பெற்று, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழில் நோவும் நோயும் நோ என்ற ஒரே வேரில் பிறந்த சொற்கள். வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்ததுதான். நொந்தால் அதுவே நோய் என்று நம் மொழி எப்போதோ ஒத்துக்கொண்டிருக்கிறது.

மருந்து பற்றி. ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார். மெடிக்கலில் வேலை பார்க்கும் கொழுந்தன், "மதினி, இது மனச்சோர்வு மாத்திரையால்லா இருக்கு" என்றான். ஏமாற்றப்பட்டதுபோல் இருந்தது. மறுபடி எல்லாம் மனசுதான் என்கிறார்களோ என்று போனில் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு இதைப்போலப் பல மடங்கு, இந்தச் சின்ன அளவு தூக்கத்துக்கும் வலியை அடக்கும் நரம்புப் பாதைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். வாய் வறண்டது. முதல் பத்து நாள் காலையில் தலை கனத்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் விடிந்து எழுந்தபோது, தூங்கியிருக்கிறேன் என்று உடம்புக்குத் தெரிந்தது. மருந்து அவரவர் உடம்புக்குத் தக்க மாறும். என்னுடையதைப் பார்த்து யாரும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பாதியாகியிருக்கிறது, சில வாரம் பாதிக்கும் கீழே. நடை பெரிய உதவி. முதல் வாரம் ஏழு நிமிடம்தான், அதற்கே அழுதேன். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டி இப்போது முப்பதில் நிற்கிறது. உடம்பு நன்றாக இருக்கிற நாளில்தான் நான் தப்பு செய்வேன். திரைச்சீலை எல்லாம் துவைத்து, மாவாட்டி, பரணைத் துடைத்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவேன். இப்போது நல்ல நாளிலும் பாதி வேலையோடு எழுந்துவிடுகிறேன். போர்டில் கண் மட்டத்துக்கு மேலே எழுதுவதில்லை. மேல்பாதியைப் பிள்ளைகள் எழுதுவார்கள்; அவர்களுக்குள் அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். ராத்திரி நொச்சி இலையை வதக்கித் துணியில் பொட்டணம் கட்டி, தோசைக்கல்லில் ஒற்றி ஒற்றி, முழங்காலில் வைப்பேன். அந்த இலை வாடும்போது வருகிற வாசம், முதல் சூடு படும்போது தோல் சுருங்கி அப்புறம் தளர்வது. நோய் அதனால் தீராது என்று தெரியும். அந்தக் கால் மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நோட்டு. தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதுவேன். "ஐப்பசி மழை. குடைச்சல் இல்லை. கடுப்பு இடது தோளில் மட்டும்." எழுத எழுத, உடம்பு முழுக்க ஒரே கறுப்பாக இருந்த அந்தப் படம் இடம் இடமாகப் பிரிந்துவிட்டது. இன்றைக்கு வந்திருப்பது எது என்று பெயர் தெரிந்தால் பயம் குறைகிறது. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற அந்த அம்மாவிடமும் முதலில் அதைத்தான் கேட்டேன், எப்படி வலிக்குதும்மா என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பெல் அடிக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மூட்டு வாத டாக்டரைப் பார்க்கச் சொல்லி, மதுரை முகவரியைக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நோட்டில் உளைச்சல் என்று எழுதும்போது கை நின்றது. அந்தச் சொல்லை நான் யாரிடம் கற்றேன்?

அம்மா பீடி சுற்றினவள். சொளவை மடியில் வைத்து, காலை நீட்டி, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை திண்ணையில் இருப்பாள். ராத்திரி சோறு தின்று முடித்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏட்டி, காலு உளையுது, கொஞ்சம் மிதிச்சு விடு" என்பாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கெண்டைக்கால் மேல் ஏறி நடப்பேன். நாலாம் வகுப்பிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை ஏறக்குறைய தினமும். அவளை யாரும் எந்த டாக்டரிடமும் இதற்காகக் கூட்டிப் போனதில்லை. குடும்பத்தில் ஓடுவதும் உண்டு என்று டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

போன் போட்டேன். எழுபத்தி இரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"எம்மா, அப்பம்லாம் காலு உளையுதும்பியே, எப்படிம்மா வலிக்கும்?"

"அதெல்லாம் என்னத்துக்குட்டி இப்பம் கேக்க?"

"சும்மா சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். கால் மட்டுமில்லையாம். தோள், பிடரி, இடுப்பு. விடிகாலையில் கை விரல் மடங்காதாம். பீடி இலைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது அந்த ஈரம்கூட எரியுமாம். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"எப்பம்மா அது நின்னுச்சு?"

"நிக்கவா?" என்றாள். "மிதிக்கதுக்குத்தான் ஆளில்ல."

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு ஊருக்குப் போகிறேன்.